வேறு கரையில் கேட்ட விலை

திரேஸ்புரம் கடற்கரையில் காலை ஏலத்தின்போது ஹில்டா வாயைத் திறந்தால் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். அவள் தொண்டைக்குப் பயந்து அல்ல. அவளுக்கு விலை தெரியும் என்பதுதான் காரணம். ஏலம் தொடங்குவதற்கு முன்பே தருவைகுளத்துக்கு ஒரு போன், கீழவைப்பாருக்கு ஒரு போன், வேம்பாருக்கு ஒரு போன் போட்டுவிடுவாள். "அங்கன பாறை மீன் என்ன விலைக்குப் போவுது?" என்று ஒரே கேள்விதான். மீனும் அதே மீன், கடலும் அதே கடல், கரை மாறினால் விலை மாறும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய முப்பது வருடமாக மீன் எடுத்து விற்று, ஒரு வீட்டைக் கட்டி, ஒரு மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்துக் கட்டியும் கொடுத்தவள் அவள். இந்தக் கதையில் கப்பல் வருகிறது, கம்ப்யூட்டர் வருகிறது, மலேசியா வருகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்தக் காலை நேரத்து போன்தான்.

ஹில்டா மீன் வியாபாரத்துக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. கல்யாணமான இரண்டாம் வருடம் புருஷன் இனிகோ உல்லாசக் கப்பல் ஒன்றில் குசினி வேலைக்குப் போனார். உருளைக்கிழங்கு உரிக்கப் போனவர் படிப்படியாக ஏறி சமையல்காரர் ஆனார். ஒன்பது மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு. சம்பளம் வந்தால் மொத்தமாக வரும், வராவிட்டால் மூன்று மாதத்துக்கு வராது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் அடுத்த வீட்டில் அரிசி கேட்பது? ஹில்டா கூடையைத் தூக்கினாள். மகள் அனுஜா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மையை இனிகோ போட்டோவில்தான் பார்த்தார். இருபத்தாறு வருடம் இப்படியே ஓடியது. கூட்டிக் கழித்தால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கூரையின் கீழ் இருந்தது ஐந்து வருடத்துக்கு மேல் தேறாது.

போன வருடம்தான் இனிகோ ஒரேயடியாக ஊருக்கு வந்தார். வந்த மனிதரிடம் ஒரு கிறுக்கு. வீட்டில் எந்த ஜன்னலையும் சாத்த விடமாட்டார். மழைச்சாரல் கட்டில்வரை அடித்தாலும் சரி, கொசு பிடுங்கினாலும் சரி. ஒரு மத்தியானம் புழுதிக்காற்று அடித்து, சோற்றுத் தட்டெல்லாம் மண்ணானபோது ஹில்டாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, உங்களுக்கென்ன கூறு கெட்டுப் போச்சா? ஒரு ஜன்னலையாவது சாத்த விடுதீங்களா?"

"விடு ஹில்டா. கப்பல்ல எங்க அறை தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கும். நாலு பேருக்கு ஒரு அறை. ஜன்னலே கிடையாது. அடைச்சுக் கெடந்தா எனக்கு மூச்சு முட்டுது."

"மேல வந்து நிக்க வேண்டியதுதான?"

"மேல காசு குடுத்து வாறவங்க இடம்லா. எங்களை அங்கன விடமாட்டான்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு மண் விழுந்த சோற்றை ஒதுக்கிச் சாப்பிட்டார். ஹில்டாவுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் இந்த மனிதர் கடலில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கடலைப் பார்க்கக்கூட முடியாத இடத்தில் அல்லவா இருந்திருக்கிறார்! அன்றைக்கே முடிவு செய்தாள். இந்த ஆளை ஒரு தடவை கப்பலில் காசு கொடுத்து ஏற்ற வேண்டும். கடலைப் பார்த்த அறையில், பெரிய ஜன்னல் வைத்த அறையில் படுக்க வைக்க வேண்டும். அதுவும் வருகிற ஜனவரியில், கல்யாண நாளுக்கே. மார்ச் மாதம் அனுஜாவுக்குப் பிரசவம். அதற்குப் பிறகு பேரப்பிள்ளை மடியில் ஏறிவிட்டால் எந்தக் கப்பலும் நகராது.

மாதச் சீட்டு எடுத்தது இரண்டு லட்சம் வரவேண்டியிருந்தது. விமானம், விசா, கைச்செலவு எல்லாம் போக, கப்பலுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ஒதுக்கலாம். இனிகோவின் அக்கா மகன் கிளைட்டன் பாளையங்கோட்டை ரோட்டில் டிராவல்ஸ் வைத்திருந்தான். ஏசி அறை, சுழல் நாற்காலி, கழுத்தில் பட்டையாக ஒரு செயின். மாமியைப் பார்த்ததும் டீ சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்பும் கப்பல். நாலு ராத்திரி.

"பால்கனி ரூம் ரெண்டு பேருக்கு ஒரு லட்சத்து எழுபத்தொண்ணு ஆவுது மாமி. உங்க பட்ஜெட்டுக்கு உள் ரூம் இருக்கு, ஒண்ணு பன்னெண்டு."

"உள் ரூம்னா?"

"ஜன்னல் இருக்காது. படுக்கத்தான மாமி, கண்ணை மூடுனா எல்லாம் ஒண்ணுதான்."

ஹில்டா டீயைக் குடிக்காமலேயே எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சென்னையிலிருந்த அனுஜாவுக்குப் போன் போட்டாள். கிளைட்டன் சொன்ன விலை சரிதானா என்று பார்க்கச் சொன்னாள். அனுஜா அந்தக் கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, ஏறக்குறைய அதே விலைதான் என்றாள். ஹில்டா கேட்டாள்:

"இது எந்த ஊர் கடை?"

"கடையா? வெப்சைட்மா. இந்தியாவுக்கு உள்ளது."

"அப்போ வேற ஊருக்கு வேற இருக்குமா?"

"இருக்கும். ஆனா கப்பல் ஒரே கப்பல்தானம்மா, ரூமும் அதே ரூம்தான்."

"பாறையும் ஒரே பாறைதான்ளா. தருவைகுளத்துல ஒரு விலை, இங்கன ஒரு விலை விக்கல? நீ வேற கரையில கேட்டுப் பாரு."

படித்த பிள்ளைக்கு இது தோன்றவில்லை, எட்டாம் வகுப்போடு நின்ற தாய்க்குத் தோன்றியது. அனுஜா நாடு நாடாக மாற்றிப் பார்த்தாள். அமெரிக்கா விலையில் கடைசிப் பக்கத்தில் ஏதேதோ கட்டணம் வந்து ஒட்டிக்கொண்டது. சிங்கப்பூர் விலை அடிமாட்டு விலை. ஆனால் அந்தச் சலுகை அந்த ஊரில் குடியிருப்பவர்களுக்கு மட்டும், ஏறும்போது அந்த ஊர் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. யாராவது தெரிந்தவர்கள் முகவரியைப் போட்டுப் பார்க்கலாமா என்று அனுஜா இழுத்தாள்.

"பொய் சொல்லி ஏலம் எடுத்தா மறுநாள் கரையில நிக்க முடியாது. அது வேண்டாம், அடுத்த ஊரப் பாரு."

அடுத்த ஊர் மலேசியா. அதே தேதி, அதே பால்கனி அறை, நம் பணத்தில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். குடியிருப்பு நிபந்தனை எதுவும் கண்ணில் படவில்லை. எதற்கும் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று அனுஜா அம்மாவையும் அழைப்பில் சேர்த்துக்கொண்டு அங்குள்ள அலுவலகத்துக்கே போன் போட்டாள். ஆங்கிலத்தில் பேச அனுஜா தொண்டையைச் செருமிக்கொண்டிருக்க, எதிர்முனையில் "தமிழா? தமிழ்லயே பேசுங்க லா" என்று ஒரு குரல் வந்தது. 'லா' போட்டுப் பேசவும் நம்ம பக்கத்துப் பிள்ளைதான் என்று ஹில்டா பேச்சைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் பெயர் பானுப்ரியா. பிறந்து வளர்ந்ததெல்லாம் மலேசியாவின் ஈப்போவாம்; அங்கேயும் பேச்சில் 'லா' போடுவார்களாம். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவரும் இந்த விலைக்கு எடுக்கலாம் என்று அவள் உறுதி சொன்னாள்.

"இந்த ரூமை உங்க பேர்ல பிடிச்சு வெக்கிறேன் ஆன்ட்டி. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பணம் கட்டிருங்க."

"சரிம்மா, முடிஞ்சுது."

அது புதன்கிழமை. ஹில்டா செய்த தப்பை திரேஸ்புரத்துக்காரி தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அவள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் 'சரி' என்று சொல்லிவிட்டால் அந்த மீனைப் பிறகு எவரும் தொடமாட்டார்கள். காசு சனிக்கிழமை கணக்கில்தான் கைமாறும். இடையில் யாரும் வந்து கேட்பதில்லை, கேட்டால் அது அவமரியாதை. பானுப்ரியா சொன்ன ஆறு மணி அவள் காதில் விழாமல் இல்லை. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அனுஜாவிடம், "சனிக்கிழமை சீட்டுப் பணம் வருது, அன்னைக்குக் கட்டிருவோம், பேசியாச்சு" என்றாள். அம்மா அப்புறம் தனியாகப் பேசிக் கூடுதல் நாள் கேட்டு வாங்கிவிட்டாள் போல என்று மகளும் விட்டுவிட்டாள். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஹில்டா கடற்கரையில் ஒருத்தர் விடாமல் சொல்லித் தீர்த்தாள். கூட மீன் எடுக்கும் கிரேசிக்கு பால்கனி என்றால் என்னவென்று கையை விரித்துக் காட்டினாள்.

சனிக்கிழமை பணம் கட்டப் போனால் அறை இல்லை. வேறு அறை இருந்தது, ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரம்.

"ஆறு மணின்னு சொன்னேனே ஆன்ட்டி" என்றாள் பானுப்ரியா. அவள் குரலிலும் வருத்தம் இருந்தது. ஹில்டாவுக்கு அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லை. தன்மேலேயேதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முப்பது வருடம் வியாபாரம் பண்ணி என்ன, அடுத்தவன் கரைக்குப் போனால் அந்தக் கரையின் வழக்கம் என்னவென்று முதலில் கேட்க வேண்டாமா?

திங்கட்கிழமை கடற்கரைக்குப் போனால், "ஹில்டாக்கா, கப்பல் கவுந்துட்டாமே?" என்று கிரேசியே ஆரம்பித்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிளைட்டன் வீட்டுக்கே வந்துவிட்டான். உள் அறை இன்னும் இரண்டுதான் பாக்கி, இன்றைக்குச் சொன்னால் எடுத்துத் தருகிறேன் என்றான். இனிகோ நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதையே எடு ஹில்டா. எனக்குப் பழகுன அறைதான" என்றார்.

குத்திக்காட்டி அவர் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்த மாதிரி அறையில நீங்க இனிமே ஒரு நாள் படுக்கக் கூடாது. ஏறுனா ஜன்னல் வச்ச அறை, இல்லன்னா கப்பலே வேண்டாம். நீ போய்ட்டு வா கிளைட்டன்."

ரோஷத்தில் சொல்லிவிட்டாளே தவிர, கையில் வழி ஒன்றும் இல்லை. வழி அடுத்த வாரம் கடற்கரையிலேயே கிடைத்தது. செந்தில்முருகன் என்று ஒரு ஏற்றுமதிக் கம்பெனி ஏஜெண்ட். எட்டுப் பெட்டி நண்டுக்கு ஏலம் கேட்டுவிட்டு, லாரி வரவில்லை என்று கையை விரித்துவிட்டான். நண்டு மறு ஏலத்துக்கு வந்தது. அதற்குள் மற்ற வியாபாரிகள் பாதிப் பேர் போய்விட்டார்கள். ஹில்டா பாதி விலைக்குச் சற்று மேலே வைத்து எட்டுப் பெட்டியையும் தூக்கினாள். தூக்கியவள் பெட்டியை ஏற்றாமல் அப்படியே நின்றாள். பிறகு ஓரமாகப் போய் மலேசியாவுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா பானுப்ரியா, எடுக்கேன்னு சொல்லிட்டுக் காசு கட்டாத ஆளு உங்க கப்பல்லயும் உண்டாம்மா?"

பானுப்ரியா சிரித்துவிட்டாள். "நெறையப் பேர் ஆன்ட்டி. முன்பணம் மட்டும் கட்டிட்டு மிச்சத்தைக் கட்டவே மாட்டாங்க. இந்தக் கப்பலுக்கு நவம்பர் பத்தாம் தேதி கடைசி நாள். கட்டாதவங்க ரூம் எல்லாம் மறுநாள் காலையில ஒம்பதரைக்குத் திரும்ப விற்பனைக்கு வந்துரும். ஆனா விலை எறங்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது லா."

"நீ குடுக்க வேண்டாம்மா. எனக்குத் தெரியும்."

தெரியும் என்று சொன்னாளே ஒழிய, அந்தப் பதினாறு நாளும் காலையும் மாலையும் மகளைப் போனில் அழைத்தாள். அனுஜாவும் நாள் தவறாமல் விலை பார்த்துச் சொன்னாள். ஐம்பத்தொன்பது அறுபத்திரண்டானது. விமான டிக்கெட்டும் ஏறியது. கிளைட்டனிடம் இருந்த உள் அறைகளும் விற்றுவிட்டன. இப்போது விலை இறங்காவிட்டால் ஜன்னல் இல்லாத அறைகூடக் கிடையாது. பனிமய மாதா கோயிலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அதோடு நிற்காமல் வங்கிக்கும் போய், கார்டில் வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் வசதியைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை அந்தக் கரையின் வழக்கப்படி, சொன்ன நிமிடத்தில் காசு போய்ச் சேர வேண்டும்.

பதினொன்றாம் தேதி காலை. மலேசியாவில் ஒன்பதரை என்றால் நமக்கு ஏழு. ஏலத்துக்கு கிரேசியை அனுப்பிவிட்டு ஹில்டா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நல்ல நாள் பெரிய நாள் தவிர அவள் காலை ஏலத்துக்குப் போகாதது அன்றைக்குத்தான். அனுஜா வீடியோவில் இருந்தாள். ஏழு மணி ஆனது. ஏழு நாலு ஆனது.

"அம்மா! பால்கனி ரூம் ஏழு வந்திருக்கு. ஒரு லட்சத்து ஒன்பதாயிரம்!"

கிளைட்டன் சொன்ன ஜன்னல் இல்லாத அறையைவிட மூவாயிரம் குறைவு.

"கொஞ்சம் பொறுத்தா இன்னும் எறங்குமாம்மா?"

"கட்டுளா!"

அனுஜா அம்மாவின் கார்டு எண்ணைப் போட்டாள். ஓடிபி எண் இனிகோவின் போனுக்கு வரும், இருவர் பெயரிலும் உள்ள கணக்கு அது. இனிகோ டீக்கடைக்குப் போயிருந்தார். ஹில்டா பக்கத்து வீட்டுப் போனை வாங்கி அவரை அழைத்தாள்.

"ஏங்க, உங்க போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"வந்திருக்கு. ஆனா யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கான்."

"நான் உங்க பொண்டாட்டி!"

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாதாம் ஹில்டா. வங்கிக்காரனே கேட்டாலும்..."

"மூணு நிமிஷம்தான் இருக்குமாம். இப்போ சொல்லல, வீட்டுப் படி ஏறக் கூடாது!"

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்க, இனிகோ ஆறு எண்ணையும் ஏலம் கூறுவதுபோல் உரக்கச் சொன்னார். பச்சை நிறத்தில் ஒரு குறி விழுந்தது. ஹில்டா போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டதாகச் சொல்வார்கள். அரை மணி நேரத்தில் புடவையை மாற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். "யாருளா கப்பல் கவுந்துட்டுன்னு சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே போனாள். கிரேசி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்று அங்கே இருந்த எல்லோருக்கும் வடையும் டீயும் ஹில்டா செலவு.

கிளைட்டனுக்கு மனம் ஆறவில்லை. "ஏறும்போது நிறுத்திருவான் மாமி, மலேசியா புக்கிங்கு, இந்தியா பாஸ்போர்ட்டு" என்றான். விசா வேலையை அவனிடமே கொடுத்து, அதற்கான கூலியையும் கொடுத்து வாயை அடைத்தாள். ஆனாலும் அந்தப் பேச்சு சிங்கப்பூர்வரை கூடவே வந்தது. துறைமுகக் கவுண்டரில் ஒரு சீனத்துப் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டாள். ஹில்டா இனிகோவின் முழங்கையை இறுகப் பிடித்தாள். அந்த ஆள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார், இரண்டு பேருக்கும் கைகூப்பினார். வாரத்துக்குள் கல்யாண நாள் வருகிறது என்று திரையில் காட்டியதாம். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். கப்பலில் ஏறும் அட்டை இரண்டும் கைக்கு வந்தன.

மறுநாள் ஹில்டா கண் விழித்தபோது இன்னும் வெளுக்கவில்லை. படுக்கையில் இனிகோ இல்லை. அவர் பால்கனிக் கதவுக்கு உள்பக்கம், கண்ணாடியை ஒட்டி, சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, வெளிய போய் நிக்க வேண்டியதுதான?"

"போலாமா?" என்றார் அவர்.

ஐம்பத்தொன்பது வயது மனிதர், காசு கொடுத்த அறையில், அனுமதி கேட்டு நிற்கிறார். ஹில்டா போர்வையைத் தள்ளினாள். எழுந்து போய்க் கதவை இழுத்துத் திறந்தாள். உப்புக்காற்று உள்ளே வந்தது. அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். தூரத்துக் கரைக்கு மேலே மெல்லச் சிவந்தது. பிறகு சூரியனின் விளிம்பு தெரிந்தது. தண்ணீர் அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டே அவர்களை நோக்கி வந்தது.

இனிகோ அழுதார். துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"இருபத்தாறு வருஷம் ஹில்டா. இந்தத் தண்ணியில எத்தன தடவ போயிருக்கேன். விடியிறத ஒரு நாள் பாத்ததில்ல."

அவளும் அழுதாள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் பொங்கியது துக்கம் இல்லை, ஜெயித்த சந்தோஷம். ஏலத்தில் ஆயிரம் தடவை ஜெயித்திருக்கிறாள். எதுவும் இப்படி இருந்ததில்லை. முந்தானையால் முதலில் அவர் முகத்தைத் துடைத்தாள், அப்புறம் தன் முகத்தை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. இன்னும் மூணு விடியல் பாக்கி இருக்கு. எல்லாத்துக்கும் காசு கட்டியாச்சு."